முதலில் எதை ஆடுவது? ஆறு பழைய வீடியோ கேம்கள், என் வரிசையில்

பழைய வீடியோ கேம்களை ஆடிப் பார்க்க ஆசைப்படுகிறவரை முதலில் திணறடிப்பது எண்ணிக்கைதான். கடைகளில் விற்கும் சின்னப் பெட்டி ஒன்றை டிவியில் சொருகினால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். ஒன்றைத் திறந்து இரண்டு நிமிடம் ஆடுவார், செத்துப்போவார், அடுத்ததைத் திறப்பார். அரை மணி நேரத்தில், "இதையா அந்தக் காலத்தில் விழுந்து விழுந்து ஆடினார்கள்?" என்று பெட்டியை அணைத்துவிடுவார். பழைய ஆட்டங்களை இப்படித் தொட்டுத் தொட்டு விட்டால் ஒன்றும் பிடிபடாது. ஒன்றைப் பிடித்து உட்கார வேண்டும். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் ஆறே ஆறு ஆட்டங்கள்.

இந்த ஆறையும் வரிசைப்படுத்த நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். தோற்றவுடன், எதனால் தோற்றோம் என்பது ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அடுத்த தடவை வேறு மாதிரி ஆடுவார், அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தேறுவார். தெரியாவிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். காசு போட்டு ஆடும் ஆர்கேடு காலத்தில் பல ஆட்டங்கள், அடுத்த காசு சீக்கிரம் விழ வேண்டும் என்பதற்காகவே ஆளை அநியாயமாகக் கொன்றன. அவற்றுக்கு எவ்வளவு புகழ் இருந்தாலும் இந்த வரிசையில் இடமில்லை. படத்தின் அழகு, இசை, விற்பனை எதற்கும் நான் மதிப்பெண் போடவில்லை. நியாயமாக நடந்துகொண்ட ஆட்டத்துக்குத்தான் முதல் மரியாதை.

1. பேக்-மேன்

முதலிடம் பேக்-மேனுக்கு. வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு மஞ்சள் வட்டம், நாலு பேய், கடைசிவரை மாறாத ஒரே சந்துப் படம், இதற்கா முதலிடம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நாலு பேய்களைப் பற்றித் தெரிந்துகொண்டால் கேட்க மாட்டார்கள்.

ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த தோரு இவாத்தானி உருவாக்கிய ஆட்டம் இது. 1980 மே மாதம் டோக்கியோவின் ஷிபுயாவில் முதலில் வைத்துப் பார்த்தார்கள். அன்றைய ஆர்கேடு கூடங்களில் சுட்டுத் தள்ளும் ஆட்டங்கள்தான் நிறைந்திருந்தன. கூடம் முழுக்க ஆண்களாகவே இருந்தார்கள். பெண்களும் ஜோடிகளும் உள்ளே வர வேண்டும் என்று நினைத்த இவாத்தானி, சுடுவதை விட்டுவிட்டுச் சாப்பிடுவதை எடுத்துக்கொண்டார். பேய்களையும் வெறுக்க முடியாத வடிவில், பெரிய கண்களோடு செய்தார். ஒவ்வொரு பேய்க்கும் தனிக் குணம் கொடுத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம்.

சிவப்புப் பேய் பிளிங்கி நீங்கள் இருக்கும் கட்டத்தையே குறிவைத்து நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பேய் பிங்கி, நீங்கள் போய்க்கொண்டிருக்கும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைத்து, உங்களுக்கு முன்பே போய் மறிக்கப் பார்க்கும். நீலப் பேய் இன்கியின் கணக்குக் கொஞ்சம் சிக்கலானது. உங்களுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு புள்ளி. பிளிங்கியிலிருந்து அந்தப் புள்ளிவரை ஒரு கோடு. அந்தக் கோட்டை இன்னும் அதே நீளத்துக்கு நீட்டினால் முடியும் இடம்தான் இன்கியின் குறி. அதாவது சிவப்புப் பேய் பக்கத்தில் இருந்தால்தான் நீலப் பேயும் ஆபத்து. ஆரஞ்சுப் பேய் கிளைடு தூரத்தில் இருக்கும்வரை துரத்தும். எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் மனம் மாறித் தன் மூலையான இடப்பக்கக் கீழ்மூலையைப் பார்த்துப் போய்விடும்.

இதைத் தெரிந்துகொண்டு ஆடும்போது திரையில் நடப்பதே வேறாகத் தெரியும். எதிரே பிங்கி வருகிறது, பின்னால் பிளிங்கி வருகிறது, தப்ப வழியில்லை என்று தோன்றும் நேரத்தில் பிங்கியை நோக்கியே நேராக ஓடிப் பாருங்கள். அதன் குறி உங்களுக்கு நாலு கட்டம் முன்னால், அதாவது அதன் முதுகுக்குப் பின்னால் விழுந்துவிடும். இடையில் ஒரு சந்து பிரிந்தால் பிங்கி அதில் திரும்பிப் போய்விடும். சந்து இல்லாத நேர்பாதையில் இதைச் செய்யாதீர்கள். பேய்கள் தாமாக வந்த வழியே திரும்புவதில்லை என்பதால் மோதல்தான்.

அடுத்து வேகம். முதல் லெவலில் பேக்-மேன் காலிச் சந்தில் ஓடினால் பேய்களைவிடக் கொஞ்சம் வேகம். புள்ளி தின்றுகொண்டே ஓடினால் பேய்களைவிடக் கொஞ்சம் மெதுவு. புதிதாக ஆடுகிறவர்களில் பாதிப் பேர் சாவது இதனால்தான். துரத்தல் தொடங்கியதும் புள்ளி நிறைந்த சந்துக்குள் ஓடுவார்கள். தப்பி ஓட எப்போதும் ஏற்கெனவே தின்று முடித்த சந்தைத் தேர்ந்தெடுங்கள். முனைகளில் பேக்-மேன் பேய்களைவிடச் சீக்கிரம் திரும்பும் என்பதால் நீளமான நேர்பாதையைவிட அடிக்கடி திரும்பும் வழி நல்லது. படத்தின் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் சுரங்கத்தில் பேய்களின் வேகம் பாதியளவுக்குக் குறையும். உங்கள் வேகம் குறையாது.

பேய்கள் ஓயாமல் துரத்துவதும் இல்லை. முதல் லெவலில் 7 நொடி தத்தம் மூலைக்குப் போய்ச் சுற்றும், பிறகு 20 நொடி துரத்தும், மறுபடி மூலை. சில சுற்றுக்குப் பிறகுதான் நிரந்தரத் துரத்தல். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணத்தில் எல்லாப் பேய்களும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தைக் கண்ணில் பிடிக்கப் பழகினால், மூச்சு விட எப்போது நேரம் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும்.

மூலைகளில் இருக்கும் நாலு பெரிய புள்ளிகளையும் எட்டியவுடன் தின்றுவிடாதீர்கள். பக்கத்தில் காத்திருந்து, பேய்கள் நெருங்கியதும் தின்னுங்கள். அதைத் தின்றால் கொஞ்ச நேரம் பேய்களை நீங்களே பிடிக்கலாம், ஒரே வீச்சில் நாலு பேயையும் பிடித்தால் 200, 400, 800, 1600 என்று 3000 பாயிண்ட். முதல் லெவலில் கடைசி 20 புள்ளிகள் மிச்சமிருக்கும்போது சிவப்புப் பேயின் வேகம் கூடும், 10-ல் இன்னும் கூடும். ஆகவே மாட்டிக்கொள்ளும் மூலைகளை முதலிலேயே காலி செய்துவிட்டு, ஓட வசதியான நடுப்பகுதிப் புள்ளிகளைக் கடைசிக்கு விட்டுவையுங்கள்.

இந்த ஆட்டத்தை நான் முதலிடத்தில் வைத்ததற்கு முக்கியக் காரணம், இதில் அதிர்ஷ்டமே கிடையாது என்பது. நீங்கள் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி ஆடினால் பேய்களும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி நடக்கும். எண்பதுகளில் அமெரிக்காவில், எந்தச் சந்தில் எப்போது திரும்ப வேண்டும் என்று படம் போட்டுக் காட்டும் புத்தகங்களே அச்சாகி விற்றன. 21-ம் லெவலிலிருந்து ஆட்டம் மாறுவதே இல்லை. ஒரு பாதையை மனப்பாடம் செய்தவர் 255 வரை போகலாம். 256-ல் லெவல் எண்ணை வைத்திருக்கும் நினைவிடம் நிரம்பி வழிந்து, திரையின் வலப்பாதி வெறும் எழுத்துக் குப்பையாகிவிடும். அதைத் தாண்ட முடியாது. அதுவரை ஒரு பாயிண்டும் விடாமல் ஆடினால் 33,33,360. இந்த ஆட்டத்தில் எடுக்கக்கூடிய உச்சம் அதுதான்.

2. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஃபிளாப்பியில் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போனது. ஆனால் அன்று ஆடியவர்களில் பெரும்பாலோர் மூன்றாவது நாலாவது லெவலோடு நிறுத்திவிட்டார்கள். ஆட்டத்தின் உயிர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஆப்பிள் II கணினிக்காகக் கிட்டத்தட்டத் தனி ஆளாக எழுதி, 1989-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு டாஸுக்கு வந்தது. இளவரசன் ஓடுவதும் தாவுவதும் விளிம்பைப் பிடித்துத் தொங்குவதும் நிஜ மனிதன் செய்வதுபோல் இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் உண்டு. மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டி, ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அந்தப் படங்களின் மேல் சட்டம் சட்டமாக வரைந்தார். வாள்சண்டைக்கு 1938-ல் வந்த ராபின் ஹுட் படத்தின் சண்டைக் காட்சி உதவியது. இதனால் இளவரசனுக்கு உடம்பின் கனம் இருக்கிறது. பட்டனை அமுக்கியவுடன் நிற்க மாட்டான். ஓடி வந்த வேகத்துக்கு இரண்டடி சறுக்கித்தான் நிற்பான். அந்த இரண்டடிக்கு இடம் விட்டு ஆடுகிறவரே பிழைப்பார்.

கதை எளிது. சுல்தான் போருக்குப் போயிருக்கும் நேரத்தில் மந்திரி ஜாஃபர், தன்னை மணக்கிறாயா, சாகிறாயா என்று இளவரசிக்கு ஒரு மணி நேரக் கெடு வைக்கிறான். உங்களுக்கும் அதே 60 நிமிடம்தான். எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகலாம். அந்த லெவலின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம். ஆனால் கடிகாரம் நிற்காது. உயிர்களை எண்ணிப் பிடுங்காமல் நேரத்தைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய யோசனை என்று இன்றும் வியக்கிறேன். செத்தவனைத் திட்டாமல், "சரி, மறுபடி வா, நேரம் போகிறது" என்கிறது ஆட்டம்.

தொடங்குகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியவை சில. முதல் லெவலில் காவலாளி நிற்கும் பக்கம் வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரே வெட்டு. முதலில் வாளைத் தேடி எடுங்கள். ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு அம்புக்குறியை அமுக்கினால் இளவரசன் ஒரு சின்ன அடி மட்டும் எடுத்து வைப்பான். தரையிலிருந்து ஈட்டிகள் எழும் இடத்தில் ஓடினால் சாவு, இப்படி அடி அடியாக நடந்தால் ஈட்டிகளுக்கு நடுவிலேயே போய்விடலாம். தரையில் எந்தப் பலகை ஆட்டம் காண்கிறது என்று சந்தேகமா? நின்ற இடத்தில் ஒரு குதி குதியுங்கள். இடிந்து விழப்போகும் பலகைகள் மட்டும் லேசாக ஆடிக் காட்டிக்கொடுக்கும். விழும்போது ஷிஃப்டை அமுக்கினால் கைக்கெட்டும் விளிம்பைப் பிடித்துக்கொள்வான். இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தால் ஒரு லைஃப் போகும், மூன்று மாடி என்றால் ஆள் காலி. மூன்றாவது லெவலின் எலும்புக்கூட்டை வெட்டிக் கொல்ல முடியாது. தள்ளிக்கொண்டே போய் விளிம்பிலிருந்து விழவையுங்கள்.

நாலாவது லெவலின் முடிவில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கும். ஓடி வந்து அதற்குள் பாய வேண்டும். நீங்கள் இந்தப் பக்கம் பாயும்போது உங்கள் நிழல் அந்தப் பக்கம் பாய்ந்து ஓடிவிடும், உங்களுக்கு ஒரே ஒரு லைஃப் மிச்சம் இருக்கும். அடுத்த லெவலில் நீங்கள் எடுக்கப்போன மருந்தை அந்த நிழல் குடித்துவிட்டுப் போகும். அதற்கடுத்ததில் உங்கள் எதிரிலேயே கதவை மூடிவிடும். பன்னிரண்டாவது லெவலில் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதை வெட்டினால் உங்கள் உயிரும் சேர்ந்து குறையும். என்ன செய்ய வேண்டும் என்று ஆட்டம் எங்கேயும் எழுதிக் காட்டவில்லை, ஆனால் வெட்டு விழுந்த மறுநொடியே புரிந்துவிடும்: வாளை உறையில் போட வேண்டும். அது உங்கள் நிழல். அதனோடு ஒன்றாகிவிடுவதுதான் வழி. கணினியின் நினைவகத்தில் புதிய எதிரிக்குப் படம் வரைந்து வைக்க இடமில்லாமல் போனதால், இளவரசனின் படங்களையே நிறம் மாற்றிக் காட்டிப் பிறந்தது இந்த நிழல். இடமில்லாக் குறையிலிருந்து இப்படி ஒரு கதை பிறந்தது வீடியோ கேம் வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த சங்கதி.

முதலிடம் ஏன் தரவில்லை? நடுவில் சில இடங்களில் திரைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாமலே தாவ வேண்டியிருக்கிறது. முதல் தடவை சாவது உங்கள் குற்றமாக இருக்காது. இரண்டாவது தடவையிலிருந்துதான் கணக்கு.

3. சூப்பர் மாரியோ பிரதர்ஸ்

1985 செப்டம்பர் 13-ல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாமுக்கு வந்தது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தார்கள், கோஜி கோன்டோ இசையமைத்தார். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் கேசட் போட்டு ஆடும் வீடியோ கேம் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை இந்த ஃபேமிகாமின் நகல்களே. கேசட்டுக்குள் கட்டாயம் மாரியோ இருக்கும். அதனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு வீடியோ கேம் என்றாலே காளானும் ஆமையும்தான்.

இதன் முதல் லெவலைப் போல் ஆசிரியர் வேலை பார்த்த லெவல் வேறு எந்த ஆட்டத்திலும் இல்லை. மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் காலி. யாரும் சொல்லாமலே வலப்பக்கம் நடக்கிறோம். மின்னுகிற கேள்விக்குறிக் கட்டை கண்ணை இழுக்கிறது. எதிரே ஒரு பூச்சி தத்தித் தத்தி வருகிறது. மோதினால் சாவு, குதித்து மிதித்தால் அது நசுங்கும். கட்டையை முட்டினால் காளான் வெளியே வந்து வலப்பக்கம் நகர்ந்துபோய், பைப்பில் இடித்துத் திரும்பி நம்மிடமே வருகிறது. காளானையும் பூச்சி என்று பயந்து ஓடினாலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும், மாரியோ பெரியவன் ஆவான், பயம் போய்விடும். பிறகு இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே வருகின்றன. நடுவில் தரை இருக்கிறது, தாவத் தவறினாலும் ஒன்றும் ஆகாது. உடனே அடுத்து அதே மாதிரி இரண்டு படிக்கட்டுகள், இந்தத் தடவை நடுவில் பள்ளம். பயிற்சி முடிந்து பரீட்சை. ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் ஒரு நிமிடத்தில் ஆட்டம் முழுவதையும் சொல்லிக்கொடுத்து முடித்துவிடுகிறார்கள். இவ்வளவும் 40 கிலோபைட்டுக்குள். இடம் மிச்சம் பிடிக்க மேகத்தின் படத்தையே பச்சை பூசிப் புதராக வைத்திருக்கிறார்கள், அடுத்த தடவை ஆடும்போது கவனித்துப் பாருங்கள்.

எட்டு உலகம், உலகத்துக்கு நாலு என்று 32 லெவல்கள். பி பட்டனை அமுக்கிக்கொண்டு ஓடப் பழகுங்கள். நடந்துகொண்டே ஆடுகிறவர்களால் நாலாவது உலகத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது. இரண்டாவது லெவலின் கூரைமேல் ஓடிப் போனால் நாலாவது உலகம்வரை தாவும் பைப்புகள் உண்டு. முதல் தடவை ஆடுகிறவர்கள் அந்தக் குறுக்குவழியை எடுக்காதீர்கள், நடுவில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. எல்லா லைஃபும் போய் ஆட்டம் முடிந்துவிட்டால் முகப்புத் திரையில் ஏ பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அமுக்குங்கள். செத்த உலகத்தின் முதல் லெவலிலிருந்தே தொடரலாம். இது தெரியாமல் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆடியவர்கள் ஏராளம்.

நாலாவது, ஏழாவது, எட்டாவது உலகங்களின் கோட்டைகளில் மட்டும் ஆட்டம் தன் நேர்மையை இழக்கிறது. சரியான வழியில் போகாவிட்டால் அதே இடம் திரும்பத் திரும்ப வரும். எந்த வழி தப்பு என்பதற்கு ஒரு அறிகுறியும் கிடையாது, நேரம் தீர்ந்து சாக வேண்டியதுதான். முதல் லெவலை அவ்வளவு கரிசனத்தோடு கட்டியவர்கள் இப்படிச் செய்திருக்க வேண்டாம். மூன்றாவது இடம் அதனால்தான்.

4. டெட்ரிஸ்

டெட்ரிஸை நாலாவதாக வைத்ததற்குச் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அலெக்ஸி பாஜித்னோவ் 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் எலெக்ட்ரானிகா 60 என்ற கணினியில் இதை எழுதினார். அந்தக் கணினியில் படமே வராது. எழுத்துக் குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். நாலு சதுரங்களைச் சேர்த்து உண்டாக்கக்கூடிய ஏழு வடிவங்கள், அவை மேலிருந்து விழுகின்றன, வரிசை நிரம்பினால் மறைகிறது. இதைவிடச் சுருக்கமாக ஒரு ஆட்டத்தைச் சொல்ல முடியாது. உரிமை சோவியத் அரசிடம் இருந்ததால், 1989-ல் கேம் பாயுடன் உலகம் முழுக்கப் பரவியபோதும் பாஜித்னோவுக்குப் பங்கு வரவில்லை. 1996-க்குப் பிறகுதான் கிடைக்கத் தொடங்கியது.

பழைய டெட்ரிஸில் அடுத்த கட்டை எது என்பது குலுக்கல். நீட்டுக்கட்டை வேண்டிக் காத்திருப்போம், அது வரவே வராது. ஒழுங்காக அடுக்கியும் தோற்க நேரும். என் அளவுகோலில் அது குறைதான். பின்னால் வந்த டெட்ரிஸ்களில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். ஏழு வடிவங்களையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஏழும் தீர்ந்த பிறகே அடுத்த பை. இதனால் இரண்டு நீட்டுக்கட்டைகளுக்கு நடுவே அதிகபட்சம் 12 கட்டைகள்தான் வர முடியும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தப் புது முறையிலேயே தொடங்குங்கள். டெட்ரிஸ் டாட் காம் தளத்தில் உலாவியிலேயே ஆடலாம்.

ஆடும் முறை: வலது ஓரத்தில் ஒரு பத்தியை மட்டும் காலியாக விட்டு, மற்ற ஒன்பதையும் மேடு பள்ளம் இல்லாமல் நிரப்பி வாருங்கள். நீட்டுக்கட்டை வந்ததும் அந்தப் பத்தியில் இறக்கினால் நாலு வரிசை ஒரே நேரத்தில் போகும். நின்டெண்டோ பதிப்பின் தொடக்க லெவலில் ஒற்றை வரிசைக்கு 40, நாலுக்குச் சேர்த்து 1200. வித்தியாசம் அவ்வளவு. ஓட்டையின் மேல் கட்டை போட்டு மூடிவிட்டால், வேறு எதையும் யோசிக்காமல் முதலில் அந்த ஓட்டையைத் திறங்கள்.

5, 6. கான்ட்ரா, ஸ்பேஸ் இன்வேடர்ஸ்

கொனாமியின் கான்ட்ரா 1987-ல் ஆர்கேடிலும் அடுத்த ஆண்டு வீட்டுப் பெட்டியிலும் வந்தது. ஒரு குண்டு பட்டால் சாவு, மூன்றே லைஃப். முகப்பில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ, பிறகு ஸ்டார்ட் அமுக்கினால் 30 லைஃப் கிடைக்கும் என்பது உலகப் பிரசித்தம். அதைக் கூசாமல் பயன்படுத்துங்கள். பறந்து வரும் உருண்டையைச் சுட்டு எஸ் எழுத்தைப் பிடித்தால் ஐந்து திசையில் பாயும் துப்பாக்கி, அதை இழக்காமல் போவதில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது. இதைத் தனியாக ஆடினால் பாதி ருசிதான், இருவராக ஆட வேண்டும். மூன்றாவது லெவலான அருவியில் மேலே மேலே ஏறிப் போக வேண்டும். முன்னால் போகிறவர் அவசரப்பட்டு ஏறினால் திரை நகர்ந்து, கீழே நிற்கும் கூட்டாளி செத்துப்போவார். அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்டிய லெவல் அது. அவருக்காக நின்று ஏறுங்கள்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸை இன்று மணிக்கணக்கில் ஆட முடியாது. ஆனால் ஒரு மாலையாவது ஆடியிருக்க வேண்டும். டைட்டோ நிறுவனத்தின் தொமோஹிரோ நிஷிகாடோ 1978-ல் செய்தது. 11 பேர் கொண்ட 5 வரிசை, மொத்தம் 55 எதிரிகள். சுடச் சுட மிச்சம் இருப்பவர்கள் வேகமாக நகர்வார்கள். திட்டமிட்டு வைத்த வேகம் அல்ல அது. வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறையச் செயலிக்கு வேலை குறைந்து, நகர்வு தானாகவே வேகம் பிடித்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும் உணர்வை வீடியோ கேமுக்குக் கொண்டுவந்தது அந்த முடிவுதான். மேலே குறுக்கே போகும் தட்டைப் பற்றி ஒரு ரகசியம்: 23-வது குண்டில் அதை வீழ்த்தினால் 300 பாயிண்ட், அதன் பிறகு ஒவ்வொரு 15-வது குண்டிலும் அதே 300. குண்டுகளை எண்ணிக்கொண்டே ஆடுங்கள்.

வரிசைக்கு வெளியே நிற்பவை

சோனிக்கை (1991) விட்டது தெரிந்தே செய்ததுதான். வேகமாக ஓடு என்று சொல்லிவிட்டு, ஓடினால் கண்ணில் படுவதற்கு முன்பே முள்ளில் மோதவிடுகிறது. ரோடு ஃபைட்டர் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். டூமுக்கு (1993) வேறு வகை விரல் பழக்கம் வேண்டும் என்பதால் இந்த அத்தியாயத்தில் சேர்க்கவில்லை. நோக்கியா போனின் பாம்பு, 1997-ல் 6110 மாடலில் வந்தது முதல், வீட்டில் கணினியோ வீடியோ கேமோ இல்லாத லட்சக்கணக்கானவர்களுக்கு முதல் ஆட்டம். அது பாராட்டுக்குரியது. ஆனாலும் ஆடத் தொடங்கிச் சில நாளிலேயே அதில் கற்க ஒன்றும் மிச்சமிருக்காது.

ஆடுவதற்கு முன்

உரிமையோடு கிடைப்பவற்றையே வாங்குங்கள். மலிவு நகல் பெட்டிகளில் பட்டனை அமுக்குவதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கும். நியாயமான ஆட்டத்தை அநியாயமாக்க அந்தத் தாமதம் ஒன்றே போதும். பேக்-மேன் மியூசியம் பிளஸ் தொகுப்பில் 1980-ன் மூல ஆட்டம் இருக்கிறது. கான்ட்ராவுக்குக் கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன். இரண்டும் ஸ்டீமில் கிடைக்கும். மாரியோ, ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஆன்லைன் சந்தாவோடு வருகிறது. பிரின்ஸின் டாஸ் பதிப்பை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உலாவியிலேயே ஆடலாம்.

டிவியில் ஆடினால் அமைப்புகளுக்குள் போய் கேம் மோடைப் போடுங்கள். போடாவிட்டால் டிவி படத்தை மெருகேற்றுவதில் நேரம் எடுத்துக்கொண்டு, தாவ வேண்டிய கணத்தைத் தவறவிடச் செய்யும். படத்தை அகலத்திரைக்கு இழுக்காதீர்கள், பழைய விகிதத்திலேயே விடுங்கள், இழுத்தால் தூரக் கணிப்பு கெட்டுவிடும். பேக்-மேனுக்கு, கட்டைவிரலால் சுழற்றும் குச்சியைவிடச் சிலுவை வடிவப் பட்டனோ கீபோர்டின் அம்புக்குறிகளோ நல்லது. முனை வருவதற்குக் கொஞ்சம் முன்பே திசையை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காலத்துப் பதிப்புகளில் ரீவைண்ட் வசதி உண்டு, செத்தவுடன் பத்து நொடி பின்னால் போகலாம். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். செத்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டும் என்ற பயம் இருந்தால்தான், எங்கே தவறினோம் என்று மனம் திரும்பிப் பார்க்கும்.

என் வரிசை தரத்தைப் பற்றியது, அதே வரிசையில் ஆட வேண்டும் என்பதில்லை. மாரியோவின் முதல் உலகத்தில் தொடங்கி விரலைப் பழக்குங்கள். பிறகு டெட்ரிஸ், தினமும் அரை மணி போதும். வீட்டில் இன்னொருவர் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமை கான்ட்ரா. பேக்-மேனை அவசரப்படாமல் ஆடுங்கள், முதல் சில நாள் பாயிண்டைப் பற்றிக் கவலைப்படாமல் சிவப்புப் பேயும் இளஞ்சிவப்புப் பேயும் எப்படித் திரும்புகின்றன என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பிரின்ஸைக் கடைசிக்கு வையுங்கள். அதற்குப் போனை அணைத்துவிட்டு உட்கார, தொந்தரவில்லாத முழு ஒரு மணி நேரம் வேண்டும்.